மேல் ஷட்ஜம்

வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிறு.
ஆராதனை பத்து மணிக்கு, தோஹாவில்.
அதற்கு முன்னால், ஐந்தேகாலுக்கே
கேம்ப் வாசலில் நெய்னாவின் பிக்கப் வந்து நிற்கும்.
ஹாரன் அடிக்க மாட்டான்.
லைட்டை இரண்டு தடவை சிமிட்டுவான்.

பதினோரு வருஷமாகக் கடலிலிருந்து
உப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.
பம்ப் ஹவுஸில் ஆறு பம்ப்புகள்.
காதடைப்பானைக் கழற்றி வைத்த பிறகும்
தலையணைக்குள் அவற்றில் ஒன்றாவது ஓடும்.

போன மார்ச்சில் கம்பெனி டாக்டர்
கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்து
சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்.
தூக்கினேன், தூக்கினேன்,
பிறகு வெகுநேரம் தூக்கவில்லை.
டெஸ்ட் முடிந்துவிட்டதென்று நினைத்தேன்.
முடிந்திருக்கவில்லை.
காகிதத்தில் ஒரு கோடு
இடிந்த மாடிப்படி மாதிரி
வலதுபக்கம் சரிந்து கிடந்தது.

வயலினைக் கோயில் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.
பாட்டுக்குழு ரோஸலின் கேட்டதற்குத்
தோள்பட்டை வலி என்றேன்.
என் காதுக்கே எட்டாத சுரத்தை
எந்த முகத்தோடு ஆண்டவருக்குப் படைப்பது?
ஜெபமும் அப்படியே ஆகிவிட்டது,
ஒருபக்கம் மட்டும் பேசுகிற போன்.

அல் தகீராவில் தண்ணீர் வற்றியிருந்தது.
நெய்னா பேன்ட்டை மடித்துவிட்டு
ஈர மணலில் சுபுஹு தொழுதான்.
அவன் செருப்புக்கு நான் காவல்.
ஒரு நண்டு என்னைப் பொருட்படுத்தாமல்
குழி பறித்த மண்ணைச்
சின்னக் கோபுரமாகக் குவித்துக்கொண்டிருந்தது.

அலையாத்தி இலை ஒன்றை நக்கிப் பார்த்தேன்.
கரித்தது.
எங்கள் ஆலை பார்க்கிற அதே வேலை.
பம்ப் இல்லை, ஷிஃப்ட் இல்லை,
ஸ்பேர் பார்ட் வரவில்லை என்கிற சண்டை இல்லை.
ஓடையில் பூநாரைகள் தலைகீழாகக் குனிந்து
சேற்றை வடிகட்டின.
"எல்லாம் உன் டிபார்ட்மெண்டுதான்" என்றான் நெய்னா.
அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தேன்.

காட்டைத் தாண்டினால் சரளை வெளி.
அங்கே மணல் நிறத்தில் ஏதோ ஓடியது,
நின்றது, மறுபடி ஓடியது.
வளைந்த நீள மூக்கு. வானம்பாடிதான்.
இறக்கையை விரித்ததும்தான் தெரிந்தது
இத்தனை கறுப்பும் வெள்ளையும்
எங்கே மடித்து வைத்திருந்தது என்று.

நேர்மேலே எழும்பியது.
ஒரு சுரம். இடைவெளி. அடுத்தது.
புல்லாங்குழல் படிக்கிற பிள்ளை
பயந்து பயந்து படியேறுகிற மாதிரி
ஸ, ரி, க...
அதற்குமேல் எனக்கு அறுந்துவிட்டது.
பறவை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.
அலகு திறந்தே இருந்தது.

"இன்னும் பாடுதா?"
"பாடுது."
"இப்ப?"
நெய்னா பதில் சொல்லவில்லை.
பார்வையை எடுக்காமல்
கையை மட்டும் தூக்கினான்.
டாக்டர் விஷயம் அவனுக்குத் தெரியாது.
யாரிடமும் நான் சொன்னதில்லை.

அந்தக் கை இறங்கவே இல்லை.
என் காலடியில் சரளைக்கல்,
தூரத்தில் ஆலைப் புகைபோக்கியின் சிவப்பு விளக்கு,
மேலே எனக்குக் கேட்காத ஒன்று
முழுசாக, பிசிறில்லாமல்
நடந்துகொண்டிருந்தது.
என் காதைக் கேட்டுக்கொண்டு
அது நடக்கவில்லை.

நானும் கையைத் தூக்கினேன்.
பொய்யா அது? தெரியவில்லை.
பறவை இறக்கையை மடக்கிச்
சுழன்று விழுந்தது, ஒரு முள்செடிப் பக்கம்,
பிறகு ஒன்றுமே நடக்காததுபோல்
புழு தேட ஓடியது.

கரக் சாயா குடித்ததில் இருபது நிமிஷம் தாமதம்.
ஷூவில் தகீராச் சேறு.
அலமாரிச் சாவி கேட்டபோது
ரோஸலின் தோள்பட்டையை விசாரிக்கவில்லை.
மூன்றாவது பாட்டில், ஒரு திருப்பத்தில்
விரல் தானாகவே மேலே போனது,
ஒரு வருஷமாகப் போகாத இடத்துக்கு.
சத்தம் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

முன்வரிசையில்
அம்மா தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை
தலை நிமிர்த்தி
வில்லின் நுனியைப் பார்த்தது.